கிறிஸ்தவத்தில் எந்தச் சபையில் சேர்வது? புதிதாக வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெரியவர்களான பின் ஞானஸ்நானம் பெற விரும்புவோருக்கான உபதேச வகுப்பை சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை ஒன்றில் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். என் மனைவி கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். நெருங்கிய நண்பர்களில் இருவர் பெந்தெகொஸ்தே சபையினர். ஆகவே, எங்கள் வகுப்புக்கு வருகிறவர்கள் மட்டுமல்ல, மற்ற சபைகளின் வாசலில் நின்று தயங்குகிறவர்களும் ஒரே கேள்விகளை என்னிடம் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட விதமாகவே இங்கே தொகுத்திருக்கிறேன். என் சபை எதுவென்று முதலிலேயே சொல்லிவிட்டதால், என் சாய்வு எங்கே இருக்கக்கூடும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு வாசிக்கலாம்.

ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கம்), சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே என்கிறார்களே, இவையெல்லாம் வேறு வேறு மதங்களா?

இல்லை. கடவுள் ஒருவரே, அவர் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என மூவொரு கடவுளாக (திரித்துவமாக) இருக்கிறார், இயேசு கிறிஸ்து மெய்யான கடவுளும் மெய்யான மனிதருமானவர், அவர் சிலுவையில் மரித்து மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்பதை இம்மூன்று பிரிவினரும் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையினரும் ஒன்றுபோல நம்புகிறார்கள். 325இல் நிசேயாவிலும் 381இல் கான்ஸ்டான்டிநோபிளிலும் கூடிய பிஷப்மாரின் பொதுச் சங்கங்கள் வகுத்த விசுவாசப்பிரமாணத்தில் (நம்பிக்கை அறிக்கையில்) இந்த நம்பிக்கை அடங்கியிருக்கிறது. கத்தோலிக்கத் திருப்பலியிலும், அப்பமும் திராட்சை ரசமும் பகிரப்படும் எங்கள் நற்கருணை ஆராதனையிலும் அது சொல்லப்படுகிறது. பெந்தெகொஸ்தே சபைகளில் அதை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் பொதுவாக இல்லை. ஆனால் அச்சபைகளில் பெரும்பாலானவை அதன் உள்ளடக்கத்தை ஏற்கின்றன.

அப்படியானால் ஏன் பிரிந்தார்கள்?

பிரிவுகள் ஒரே நாளில் வந்தவை அல்ல. 451இல் கால்சிதோன் சங்கம், கிறிஸ்துவின் தெய்வத்தன்மையும் மனிதத்தன்மையும் எவ்வாறு இணைந்திருக்கின்றன என்பதை வரையறுத்தபோது, எகிப்து, ஆர்மீனியா, சிரியா ஆகிய இடங்களின் திருச்சபைகள் அந்தச் சொற்களை ஏற்கவில்லை. கேரளத்தின் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் திருச்சபை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. அடுத்த பெரும் விரிசல் 1054இல் ரோமாபுரிக்கும் கான்ஸ்டான்டிநோபிளுக்கும் இடையே ஏற்பட்டது. போப்பாண்டவரின் அதிகாரம் எதுவரை செல்லும் என்பதும், பரிசுத்த ஆவி ‘பிதாவிலிருந்து’ புறப்படுகிறார் என்னும் இடத்தில் ‘குமாரனிலிருந்தும்’ என்னும் சொல்லை மேற்குத் திருச்சபை சேர்த்துக்கொண்டதும் அதன் காரணங்களில் முக்கியமானவை. அப்போது இரு தரப்பும் விதித்துக்கொண்ட சாபத்தீர்ப்புகளை 1965இல் போப் ஆறாம் பவுலும் கான்ஸ்டான்டிநோபிளின் முதுபெருந்தந்தை அத்தேனகோரசும் நீக்கிவிட்டார்கள். ஆனாலும் இரு திருச்சபைகளும் இன்னும் ஒன்றாகவில்லை.

1517இல் ஜெர்மனியின் விட்டன்பெர்க்கில் மார்ட்டின் லூத்தர், பாவத்தண்டனைக் குறைப்புச் சீட்டுகள் விற்கப்பட்டதை எதிர்த்து எழுதியதிலிருந்து சீர்திருத்தம் தொடங்கியது. லூத்தரன், ஆங்கிலிக்கன், பிரஸ்பிட்டேரியன் முதலான சபைகள் அதன் வழியாக உருவானவை. பெந்தெகொஸ்தே இயக்கம் எல்லாவற்றிலும் இளையது. 1906இல் லாஸ் ஏஞ்சல்ஸின் அசூசா தெருவில் நடந்த எழுப்புதல் (ஆன்மிக விழிப்பு) அதன் தொடக்கமாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே, பூனாவுக்கு அருகிலுள்ள கேட்கானில் பண்டித ரமாபாய் நடத்திய முக்தி மிஷனில் அதைப் போன்ற எழுப்புதல் உண்டாகியிருந்தது. பெந்தெகொஸ்தே என்பது முழுக்க அமெரிக்காவிலிருந்து இறக்குமதியானது என்று நினைப்பவர்களுக்கு இதை நான் தவறாமல் சொல்வதுண்டு.

எங்கள் ஊரில் இருக்கும் கோயில்களில் எது எந்தப் பிரிவு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பெயர்ப்பலகையே பெரும்பாலும் சொல்லிவிடும். ஆர்.சி. என்பது ரோமன் கத்தோலிக்கம். சி.எஸ்.ஐ. என்பது தென்னிந்தியத் திருச்சபை. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஒன்றுசேர்ந்து உருவாக்கியது. டி.இ.எல்.சி. என்பது தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவின் பணியில் வேர்கொண்டு, 1919இல் தனித் திருச்சபையானது. இரட்சணிய சேனையும் சீர்திருத்த மரபிலிருந்து வந்ததே; ஆனால் அது ஞானஸ்நானமோ திருவிருந்தோ (நற்கருணையோ) நடத்துவதில்லை என்பது பலருக்குத் தெரியாது.

பெந்தெகொஸ்தே என்ற பெயரின் கீழ் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல அமைப்புகள் இருக்கின்றன. அசெம்பிளீஸ் ஆஃப் காட் போன்ற பெரிய அமைப்புகள் உண்டு. இலங்கையில் தோன்றி, இன்று தாம்பரத்தை அடுத்த இரும்புலியூரைத் தலைமையிடமாகக் கொண்டுள்ள பெந்தெகொஸ்தே மிஷனும் உண்டு. அதன் முழுநேர ஊழியர்கள் வெண்ணிற ஆடை அணிந்து, மணம் செய்துகொள்ளாமல் விசுவாச வீடுகளில் வாழ்கிறார்கள். இவை தவிர, ஒரே போதகர் தொடங்கித் தாமே நடத்தும் சபைகளும் ஏராளமாக இருக்கின்றன. ஆகவே ‘பெந்தெகொஸ்தே எப்படி?’ என்று பொதுவாகக் கேட்டால் பதில் சொல்வது கடினம்; எந்தச் சபை என்று கேட்க வேண்டும். ஆர்த்தடாக்ஸ் ஆலயங்கள் சென்னை, கோவை போன்ற நகரங்களில் உள்ளன. அவற்றின் வழிபாடு பெரும்பாலும் மலையாளத்தில் நடக்கும்.

எல்லாருக்கும் ஒரே பைபிள்தானே? ஏன் வார்த்தைகள் வேறாக இருக்கின்றன?

புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் எல்லாருக்கும் பொது. பழைய ஏற்பாட்டில் சீர்திருத்த சபைகளும் பெந்தெகொஸ்தே சபைகளும் 39 நூல்களை ஏற்கின்றன. கத்தோலிக்கர் 46 நூல்களை ஏற்கிறார்கள். தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் முதல், இரண்டாம் நூல்கள் ஆகிய ஏழும், தானியேல், எஸ்தர் நூல்களின் சில பகுதிகளுமே வேறுபாடு. ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளின் பட்டியல் இன்னும் சற்று நீளமானது.

நூல்களின் எண்ணிக்கையைவிடப் புதியவரை அதிகம் குழப்புவது தமிழ்தான். நாங்கள் ‘ஆதியாகமம்’ என்பதைக் கத்தோலிக்கர் ‘தொடக்க நூல்’ என்கிறார்கள். எங்களுக்குச் ‘சங்கீதம்’, அவர்களுக்குத் ‘திருப்பாடல்’. எங்களுக்கு ‘அப்போஸ்தலர்’, அவர்களுக்குத் ‘திருத்தூதர்’. இவை மொழிபெயர்ப்பின் வேறுபாடுகளேயன்றி நம்பிக்கையின் வேறுபாடுகள் அல்ல. பல சபைகளின் அறிஞர்கள் சேர்ந்து உருவாக்கிய திருவிவிலியம் என்னும் பொது மொழிபெயர்ப்பு 1995இல் வெளிவந்தது. அதையும் பழைய மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு சுவிசேஷத்தை முழுமையாக வாசிக்கும்படி புதியவர்களிடம் சொல்வது என் வழக்கம்.

ஃபாதர், ஐயர், பாஸ்டர், ஆயர், பேராயர்: யாரை எப்படி அழைப்பது?

கத்தோலிக்கப் பங்குத்தந்தையை ‘ஃபாதர்’ அல்லது ‘சாமி’ என்றும், சி.எஸ்.ஐ., லுத்தரன் குருவானவரை ‘ஐயர்’ அல்லது ‘ஐயா’ என்றும், பெந்தெகொஸ்தே போதகரைப் ‘பாஸ்டர்’ என்றும் அழைப்பார்கள். பிஷப்பைக் கத்தோலிக்கர் ‘ஆயர்’ என்பார்கள். எங்கள் சபைகள் சிலவற்றில் உள்ளூர்க் குருவானவருக்கே அந்தப் பெயர் உண்டு. எங்களுக்குப் ‘பேராயர்’ என்றால் பிஷப், கத்தோலிக்கருக்கு ஆர்ச்பிஷப். தவறாக அழைத்துவிட்டால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.

ஆர்.சி.க்காரர்கள் மாதாவையும் சொரூபங்களையும் கும்பிடுகிறார்களே, அது விக்கிரக ஆராதனை இல்லையா?

இந்து சமயத்திலிருந்து வருகிறவர்களிடம் இந்தக் கேள்வியைக் கிளப்பிவிடுவது பெரும்பாலும் மற்றொரு கிறிஸ்தவர்தான். கத்தோலிக்கப் போதனைப்படி ஆராதனை கடவுளுக்கு மட்டுமே உரியது. மரியாளுக்கும் புனிதர்களுக்கும் செலுத்துவது வணக்கம். நமக்காகக் கடவுளிடம் பரிந்து பேசும்படி அவர்களைக் கேட்பது. 787இல் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம் இந்த வேறுபாட்டை வரையறுத்தது. ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளும் திருவோவியங்களுக்கு இதே பொருளில்தான் மரியாதை செலுத்துகின்றன. வேளாங்கண்ணியில் மண்டியிட்டு நிற்கும் ஒருவருடைய மனத்தில் இந்த வேறுபாடு எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதை வெளியிலிருந்து யாரும் சொல்லிவிட முடியாது. சீர்திருத்த சபைகளின் மறுப்பு வேறொரு இடத்தில் இருக்கிறது: கடவுளுக்கும் மனிதருக்கும் இடையே கிறிஸ்து ஒருவரே மத்தியஸ்தர் என்பதால், மரித்த புனிதர்களிடம் பரிந்துரை கேட்க வேதத்தில் ஆதாரம் இல்லை என்பது எங்கள் நிலை. இது நேர்மையான கருத்து வேறுபாடு; ஆனால் ‘அவர்கள் சிலையைக் கடவுள் என்கிறார்கள்’ என்பது பொய்க் குற்றச்சாட்டு.

‘பத்துக் கட்டளைகளில் இரண்டாவதை ஆர்.சி.க்காரர்கள் நீக்கிவிட்டார்கள்’ என்பதையும் அடிக்கடி கேட்கிறேன். நீக்கவில்லை. விக்கிரகம் பற்றிய கட்டளையை முதல் கட்டளையோடு சேர்த்து எண்ணி, இச்சை பற்றிய இறுதிக் கட்டளையை இரண்டாகப் பிரிக்கிறார்கள். லூத்தரன் திருச்சபையும் அப்படியேதான் எண்ணுகிறது.

நற்செயல்களால் மீட்பு கிடைக்கும் என்று ஆர்.சி.யில் சொல்கிறார்கள், விசுவாசம் மட்டும் போதும் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். எது சரி?

இந்த எதிர்ப்பு 16ஆம் நூற்றாண்டில் உண்மையிலேயே கூர்மையாக இருந்தது. ஆனால் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதியால் அல்ல, கிருபையால், கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தின் வழியாகவே கடவுள் நம்மை ஏற்கிறார். அந்தக் கிருபை நம்மை நற்செயல்களுக்கு ஏவுகிறது என்பதில் இரு தரப்பும் உடன்பட்டன. 2006இல் உலக மெதடிஸ்ட் மன்றமும் இதில் இணைந்தது. விவரங்களில் வேறுபாடு இன்னும் இருந்தாலும், இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு மட்டும் சபையைத் தேர்ந்தெடுக்க இன்று யாரும் கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்பது என் கருத்து.

அப்பமும் திராட்சை ரசமும் உண்மையிலேயே இயேசுவின் உடலும் இரத்தமுமாக மாறுகின்றனவா?

சபைகளுக்கு இடையிலுள்ள வேறுபாடுகளில் ஒன்றை மட்டும் ஆழ்ந்து சிந்திக்க நேரமிருக்கிறது என்றால், இதைத்தான் சிந்திக்கச் சொல்வேன். ‘மாறுகின்றன’ என்பது கத்தோலிக்கப் போதனை: தோற்றமும் சுவையும் அப்பத்துக்கும் ரசத்துக்கும் உரியவையாகவே இருக்க, உள்ளியல்பு கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாகிறது. அதனால்தான் கத்தோலிக்க ஆலயத்தில் நற்கருணைப் பேழைக்கு முன் மண்டியிடுகிறார்கள். ஆர்த்தடாக்ஸ் திருச்சபையும் இந்த மாற்றத்தை நம்புகிறது. ஆனால் எவ்வாறு என்று விளக்க முற்படாமல் அதை மறைபொருளாகவே வைத்திருக்கிறது. லூத்தர், அப்பம் அப்பமாகவே இருக்க, அதோடு கிறிஸ்துவின் உடலும் மெய்யாகவே அளிக்கப்படுகிறது என்றார். சுவிட்சர்லாந்தின் ஸ்விங்ளி, அது நினைவுகூரும் அடையாளமே என்றார். 1529இல் மார்பர்க் நகரில் இருவரும் நேரில் சந்தித்துப் பேசியும் இந்த ஒன்றில் உடன்பட முடியவில்லை.

தமிழ்நாட்டுப் பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலானவை ஸ்விங்ளியின் கருத்துக்கு அருகில் நிற்கின்றன. சி.எஸ்.ஐ.யில் பல மரபுகள் இணைந்திருப்பதால், கிறிஸ்து மெய்யாகவே பிரசன்னமாகிறார் என்று நம்புகிறவர்களும் நினைவுகூர்தல் என்று நம்புகிறவர்களும் ஒரே பலிபீடத்தின் முன் அடுத்தடுத்து முழங்காலிடுகிறார்கள். இது எங்கள் பலம் என்று நான் நினைக்கிறேன். தெளிவின்மை என்று குறை கூறுகிறவர்களுக்கும் காரணம் இருக்கிறது.

நான் சும்மா பார்க்கப் போனால் நற்கருணை வாங்கலாமா?

ஞானஸ்நானம் பெறாதவர் எந்தச் சபையிலும் வாங்காமல் இருப்பதே முறை. வரிசையில் செல்லாமல் இருக்கையிலேயே இருந்தால் போதும். கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையினரும், வேறு சபையில் ஞானஸ்நானம் பெற்றவருக்கும் பொதுவாக நற்கருணை வழங்குவதில்லை. அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மேலே சொன்ன நம்பிக்கையின் விளைவு அது.

தலையில் தண்ணீர் ஊற்றினால் போதுமா, முழுக்கு ஞானஸ்நானம்தான் செல்லுமா?

கத்தோலிக்கர், லூத்தரன், சி.எஸ்.ஐ. ஆகியோர் தண்ணீர் ஊற்றுவதையும் மூழ்குவதையும் ஏற்கிறார்கள். குழந்தைகளுக்கும் ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள். ஆர்த்தடாக்ஸ் மரபில் குழந்தையையே மூன்று முறை நீரில் அமிழ்த்தும் வழக்கம் உண்டு. பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட் சபைகள், தானே விசுவாசித்து அறிக்கையிட்டவருக்கு மட்டுமே முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கின்றன. விசுவாசித்த எத்தியோப்பிய மந்திரி தண்ணீரில் இறங்கியதை (அப்போஸ்தலர் 8) அவர்கள் காட்டுவார்கள். சிறைக்காவலன் தன் வீட்டார் அனைவரோடும் ஞானஸ்நானம் பெற்றதை (அப்போஸ்தலர் 16) மற்றவர்கள் காட்டுவார்கள். தொடக்ககாலத் திருச்சபையின் டிடாக்கே என்னும் சிறுநூல், ஓடும் நீரையே முதலில் விரும்பினாலும், நீர் போதாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்றலாம் என்கிறது.

நடைமுறையில் முக்கியமானது இதுதான்: தண்ணீரால், பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரால் கொடுக்கப்பட்ட ஞானஸ்நானத்தை, அது எந்தச் சபையில் நடந்திருந்தாலும், கத்தோலிக்கரும் நாங்களும் ஏற்றுக்கொள்கிறோம், இரண்டாம் முறை கொடுப்பதில்லை. பெந்தெகொஸ்தே சபைகள் பெரும்பாலும் குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்பதில்லை. அவர்கள் கணக்கில் பிறகு பெறுவதே முதல் ஞானஸ்நானம். இன்னொன்று, ‘இயேசுவின் நாமத்தில்’ மட்டும் ஞானஸ்நானம் கொடுத்து திரித்துவத்தை மறுக்கும் பெந்தெகொஸ்தே குழுக்களும் சில உண்டு. அவர்களுடைய ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை செல்லத்தக்கதாகக் கொள்வதில்லை. எனவே எந்த வார்த்தைகளைச் சொல்லி ஞானஸ்நானம் கொடுக்கிறீர்கள் என்று முன்கூட்டியே கேட்பதில் தவறில்லை.

முடிவு செய்தபின் எவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும்?

கத்தோலிக்கத்தில் பெரியவர்கள் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) ஆயத்த நிலையில் பல மாதங்கள் கற்று, வழக்கமாக உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய இரவுத் திருவிழிப்பில் திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், நற்கருணை மூன்றையும் ஒருசேரப் பெறுகிறார்கள். எங்களிடம் காலம் சபைக்குச் சபை மாறும். ஞானஸ்நானத்துக்குப் பின் பேராயர் கைவைத்துத் திடப்படுத்துவார்; கத்தோலிக்கரின் உறுதிப்பூசுதலுக்கு இணையான சடங்கு இது. சில பெந்தெகொஸ்தே சபைகளில் சில வாரங்களிலேயே முடிந்துவிடலாம். யாராவது ‘இந்த ஞாயிற்றுக்கிழமையே எடுத்துவிடுங்கள்’ என்று அவசரப்படுத்தினால், நீங்கள் அவசரப்படாதீர்கள். அழைப்பு உண்மையானதானால் ஆறு மாதத்தில் அது மங்கிவிடாது.

பெந்தெகொஸ்தே சபையில்தான் மனசுக்கு ஆறுதல் கிடைத்தது. ஆனால் அந்நிய பாஷை (ஜெபத்தில் ஆவியின் ஏவுதலால் அறியாத மொழியில் பேசுவது) வரவில்லை என்றால் இரட்சிப்பு இல்லை என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

அந்த ஆறுதலைச் சந்தேகிக்க வேண்டாம். நோயிலும் கடனிலும் தனிமையிலும் இருந்தவர்களுக்கு வீடு தேடி வந்து ஜெபித்தவர்கள் பெரும்பாலும் பெந்தெகொஸ்தே சகோதர சகோதரிகளே; என் வகுப்புக்கு வந்தவர்களில் பலர் முதலில் அவர்களால்தான் இயேசுவைப் பற்றிக் கேள்விப்பட்டார்கள். ஆனால் பெந்தெகொஸ்தே சபைகளின் பொதுவான போதனையின்படியும், அந்நிய பாஷை ஆவியின் அபிஷேகத்துக்கு அடையாளமேயன்றி இரட்சிப்புக்கு நிபந்தனை அல்ல. ‘எல்லாரும் பாஷைகளைப் பேசுகிறார்களா?’ என்று கேட்கும் பவுல் (1 கொரிந்தியர் 12) ‘இல்லை’ என்ற பதிலையே எதிர்பார்க்கிறார். அச்சத்தை மூட்டும் போதகரை விட்டு, அதே மரபில் சாந்தமாகப் போதிக்கும் வேறொரு சபையைத் தேடலாம். மரபையே விட வேண்டியதில்லை.

ஜாதி இல்லாத சபை எது?

முற்றிலும் இல்லாத சபை என்று எதையும் என்னால் கைகாட்ட முடியவில்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் வெட்கப்படுகிறேன். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் ஜாதி வேறுபாடு முழுவதுமாக விடப்பட வேண்டும் என்று ஆணையிட்டபோது, வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் அதற்குக் கீழ்ப்படிய மறுத்தார்கள். அந்தப் போராட்டம் முடியவில்லை. தனித்தனிக் கல்லறைகளும், ஜாதிக்குள்ளேயே பெண் கொடுக்கல் வாங்கலும், தேர்தல்களில் திரளும் ஜாதி அணிகளும் எங்கள் திருச்சபையிலும் கத்தோலிக்கத்திலும் உண்டு. பெந்தெகொஸ்தே கூட்டங்களில் வெளிப்படையாகக் குறைவு என்றாலும், திருமணப் பேச்சு வரும்போது அங்கேயும் தலைகாட்டும். ஆகவே சபையின் அறிக்கையைப் பார்க்காமல், நீங்கள் சேரப்போகும் அந்த ஒரு சபையில் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், கல்லறைத் தோட்டம் ஒன்றா இரண்டா என்பதைப் பாருங்கள்.

எந்தச் சபையில் சேர்ந்தால் எஸ்.சி. சான்றிதழுக்குச் சிக்கல் வராது?

சபையைப் பொறுத்து இது மாறுவதில்லை. 1950ஆம் ஆண்டின் அரசியலமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணையின்படி, இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவர் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கருதப்படுவர். கிறிஸ்தவத்துக்கு மாறிய பட்டியல் சாதியினரைத் தமிழ்நாடு அரசு பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இதை அநீதி என்றே நான் கருதுகிறேன். ஆனால் படிப்பும் வேலையும் சம்பந்தப்பட்ட விஷயத்தைச் சொல்லாமல் மறைத்து ஞானஸ்நானம் கொடுக்கும் ஊழியர், தம் கடமையில் தவறுகிறார். ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிட்டு வாருங்கள்.

யெகோவா சாட்சிகள் வீட்டுக்கு வந்து பைபிள் சொல்லித்தருகிறார்கள். அவர்களும் இதில் ஒரு பிரிவுதானே?

பணிவோடு, தயாரிப்போடு வருகிறவர்கள், மரியாதையாக நடத்துங்கள். ஆனால் முதல் கேள்விக்கான பதிலில் சொன்ன பொது நம்பிக்கையை அவர்கள் ஏற்பதில்லை. திரித்துவத்தை மறுக்கிறார்கள், இயேசுவைக் கடவுளால் படைக்கப்பட்டவர் என்று போதிக்கிறார்கள். ஆகவே மற்ற கிளைகள் அவர்களைத் தங்களில் ஒன்றாக எண்ணுவதில்லை. சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரிக்கும் ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகள் வேறு. அவர்கள் திரித்துவத்தை ஏற்கிறார்கள்.

நான் கல்யாணம் செய்யப்போகிறவர் ஆர்.சி. நான் சி.எஸ்.ஐ.யில் சேர்ந்தால் பிரச்சினை வருமா?

திருமணத்துக்குத் தடை இல்லை. ஆனால் கத்தோலிக்கத் தரப்பில் அனுமதி பெற வேண்டும். வேறு சபையில் ஞானஸ்நானம் பெற்றவரை மணக்க ஒரு வகை அனுமதியும், ஞானஸ்நானமே பெறாதவரை மணக்கத் தடைநீக்கமும் தேவை. பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தம்மால் இயன்றதைச் செய்வதாகக் கத்தோலிக்கத் துணை வாக்களிக்க வேண்டும். திருமண நாள் குறிப்பதற்கு முன் பங்குத்தந்தையையும் குருவானவரையும் இருவரும் சேர்ந்தே சந்தியுங்கள். பிள்ளைகளைப் பற்றிய பேச்சைத் தள்ளிப்போட்டால், முதல் குழந்தை பிறந்தவுடன் அது இரண்டு பாட்டிமாருக்கு இடையே வெடிக்கும்.

இத்தனையும் கேட்டபின் எப்படித்தான் முடிவு செய்வது?

என் வகுப்பில் மூன்று கேள்விகளை வைக்கிறேன். வேதத்துக்கு இறுதியான விளக்கம் சொல்லும் அதிகாரம் திருச்சபைக்கு உண்டு என்று நம்புகிறீர்களா, அல்லது திருச்சபையும் வேதத்தால் திருத்தப்பட வேண்டியது என்று நம்புகிறீர்களா? முன்னதானால் கத்தோலிக்கமும் ஆர்த்தடாக்ஸும், பின்னதானால் மற்றவையும் உங்களுக்கு நெருக்கமானவை. நற்கருணையில் என்ன நடக்கிறது, ஞானஸ்நானம் யாருக்கு உரியது என்பவை மற்ற இரண்டும். அவற்றின் விவரம் மேலே இருக்கிறது. பெண்கள் குருத்துவம் பெறுவது உங்களுக்கு முக்கியமானால், கத்தோலிக்கமும் ஆர்த்தடாக்ஸும் அதை ஏற்பதில்லை என்பதையும், சி.எஸ்.ஐ.யில் 2013இல் புஷ்பலலிதா அம்மையார் முதல் பெண் பேராயராக அபிஷேகம் பெற்றார் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

பிறகு ஒவ்வொரு ஆலயத்துக்கும் ஒரு முறையல்ல, தொடர்ந்து நான்கு ஞாயிறுகளாவது செல்லுங்கள். பண்டிகை நாளில் மட்டும் போகாதீர்கள். ஒரு அடக்க ஆராதனைக்கும் போய்ப் பாருங்கள். துக்க வீட்டில் அந்தச் சபை எப்படி நடந்துகொள்கிறது என்பது, பிரசங்க மேடையிலிருந்து தெரியாத பலவற்றைக் காட்டும்.

தவறான சபையில் சேர்ந்துவிட்டேன் என்று பின்னால் தோன்றினால்?

மாறலாம். ஞானஸ்நானம் திரித்துவத்தின் பெயரால் நடந்திருந்தால், சி.எஸ்.ஐ.யிலிருந்து கத்தோலிக்கத்துக்குச் செல்கிறவர் நம்பிக்கையை அறிக்கையிட்டு, உறுதிப்பூசுதலும் நற்கருணையும் பெற்றுச் சேர்த்துக்கொள்ளப்படுவார். அங்கிருந்து எங்களிடம் வருகிறவரையும் மறுபடி ஞானஸ்நானம் இன்றியே ஏற்கிறோம். அதனால் ஞானஸ்நானச் சான்றிதழைப் பத்திரமாக வைத்திருங்கள். சிறிய தனிச் சபைகளில் பதிவேடு இல்லாமலே ஞானஸ்நானம் நடப்பதுண்டு. அப்படியானால் கொடுத்தவரின் பெயர், இடம், நாள் ஆகியவற்றோடு, உடன் இருந்த இரண்டு சாட்சிகளின் கையொப்பத்தையும் அன்றைக்கே ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.